மேற்கு மட்டும்

சென்னையில் மேற்கு மாம்பலம் இருக்கிறது. கிழக்கு மாம்பலம் என்று யாரும் முகவரி எழுதுவதில்லை. ஒரு திசை மட்டுமே உள்ள இடம். மற்றத் திசை எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் பூகோளத்தில் இல்லை, அரசியலில் இருக்கிறது.

கிழக்கே இருந்தது பெரும்பாலும் தண்ணீர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் லாங் டாங்க் என்றார்கள். ரயில் பாதை அதன் மேற்குக் கரையோரமாகப் போயிற்று. 1920இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் ஏரியை வடித்து மனைகளாக்கினார்கள். அப்போது நடந்தது ஜஸ்டிஸ் கட்சி ஆட்சி. பனகல் அரசர் முதல் மந்திரி. புது நகருக்குத் தியாகராய செட்டியார் பெயர், பூங்காவுக்குப் பனகல் பெயர், தெருக்களுக்கு உஸ்மான், நாயர், நடேசன். ஒரு கட்சியின் பெயர்ப் பட்டியலைத் தரையில் விரித்த மாதிரி. ஏரியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பெயர் வைத்தவர்களும் நீடிக்கவில்லை. தியாகராய நகர், தி. நகர் ஆயிற்று, பேச்சில் டீ நகர். 1920இல் முதல் மந்திரிப் பதவி வேண்டாம் என்றவர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் போனார். அந்த எழுத்து எவரைக் குறிக்கிறது என்று துணி வாங்க வருகிறவர் கேட்பதில்லை. அவர் இறங்கும் ஸ்டேஷனோ இன்னும் மாம்பலம்தான். கிராமத்தின் பெயரை ரயில்வே காப்பாற்றிவிட்டது, அப்படியொரு உத்தேசம் இல்லாமலே.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. எல்லையைத் தீர்மானித்தது வார்டுக் கணக்கு அல்ல, தண்டவாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிழக்கே நகர், மேற்கே மாம்பலம். வீட்டு வாடகையும் அந்தஸ்தும் அந்தக் கோட்டைப் பார்த்தே பிரிந்தன.

நம் கதைகளில் 'தி. நகர்' என்று எழுதும்போது வெறுமனே இடத்தைக் குறிப்பதாக நினைக்கிறோம். பெயர் வைத்தவனின் பார்வையையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. அதில் நின்று பார்த்தால் தெரிவது கட்டிடங்கள். ஆனால் பலகை பொய் சொல்லவில்லை. 2021 நவம்பர் மழையில் தி. நகரிலும் மாம்பலத்திலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அது வெள்ளம் என்றுதான் பத்திரிகைகளில் வந்தது. ஏரி என்று யாரும் எழுதவில்லை.