ஒரு வெள்ளணு கரையேறிய கதை

குதிகாலில் முள் தைத்த அதே வேளையில், இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒன்று இரத்தத்துக்குள் இறங்குகிறது. நம் உடல் நாளொன்றுக்கு உண்டாக்கும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களில் இதுவும் ஒன்று. இரத்தம் இழுக்கும் வேகத்தில் ஓடுகிறது. எந்தக் குழாயின் சுவரிலும் ஒட்டுவதில்லை. கண்ட இடத்தில் ஒட்டினால் நல்ல திசுவும் புண்ணாகிவிடும்.

குதிகாலில் முள்ளோடு கிருமிகளும் புகுந்துவிட்டன. அங்குள்ள மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமினைச் சிந்துகின்றன. அது பட்டதும், அருகிலிருக்கும் குழாயின் உட்சுவர் அணுக்கள் தமக்குள் சேமித்து வைத்திருந்த பி-செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தைச் சில நிமிடங்களிலேயே வெளிப்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. அடுத்து, மேக்ரோஃபேஜ் அணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 ஆகிய செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. இந்தச் செய்தி உட்சுவர் அணுக்களின் மரபணுக்களை எழுப்புகிறது. சில மணி நேரத்தில் இ-செலக்டினும் ஐகேம்-1 என்ற புரதமும் புதிதாக உருவாகிச் சுவரெங்கும் நிற்கின்றன.

நம் நியூட்ரோஃபில் இப்போது அந்தக் குழாய்க்கு வந்து சேர்கிறது. செலக்டின்கள் அதைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்க, வேகம் தணிந்து சுவரோரமாக உருள்கிறது. சுவரில் தங்கியிருக்கும் இன்டர்லூகின்-8 அதைத் தொடுகிறது. அதுவரை அதன் மேல் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள் என்ற ஒட்டுப் புரதங்கள் நொடியில் நிமிர்ந்து ஐகேம்-1ஐப் பற்றிக்கொள்கின்றன. உருளல் நிற்கிறது. உடலைத் தட்டையாக்கி, இரு அணுக்களின் இடுக்கில் நுழைந்து வெளியேறி, கிருமிகளை விழுங்கி, அங்கேயே மடிகிறது. அப்படி மடிந்தவற்றின் திரளே சீழ். சீழிலுள்ள அணுக்கள் இரத்தத்திலிருந்தே வருகின்றன என்பதை 1867இல் ஜெர்மானியரான யூலியுஸ் கோன்ஹைம் தவளையின் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்.

இந்த ஒட்டுதல் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில குழந்தைகள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். இன்டெக்ரினின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு பழுதோடு பிறப்பவர்கள் அவர்கள். இரத்தத்தில் வெள்ளணுக்கள் மலிந்திருக்கும். புண்ணிலோ சீழ் பிடிக்காது, புண்ணும் ஆறாது. தொப்புள் கொடி உதிரவும் வெள்ளணுக்கள் துணை செய்கின்றன என்பதால், அதுவும் விழாமல் தங்கிவிடும். கடுமையான நிலையில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் உயிர் காக்கும்.

ஆகவே, பிறந்து 3 வாரம் கடந்தும் கொடி விழாத குழந்தையைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.