ரிலேட்டிவ் மேஜரும் மைனரும்

மேற்கத்திய இசையில், ஒரே ஏழு சுரங்களைக் கொண்டு வெவ்வேறு ஆதார சுரங்களில் நிலைபெறும் மேஜர், மைனர் ஸ்கேல்கள் ஒன்றுக்கொன்று ரிலேட்டிவ் எனப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, சி மேஜரின் ரிலேட்டிவ் மைனர் ஏ மைனர் ஆகும். இரண்டும் பியானோவின் வெள்ளைக் கட்டைகளாலேயே அமைந்தவை. மேஜரின் ஆதார சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரங்கள் கீழிறங்கினால் (பி, பி பிளாட், ஏ) அதன் மைனரை அடையலாம். ஜி மேஜருக்கு இவ்வாறே இ மைனர் கிடைக்கும். சி மேஜர், சி மைனர் இணையை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அவற்றில் மூன்று சுரங்கள் வேறுபடும்.

சி மேஜர் கார்டில் சி, இ, ஜி ஆகிய சுரங்களும், ஏ மைனர் கார்டில் ஏ, சி, இ ஆகியனவும் ஒருங்கே ஒலிக்கும். இரு சுரங்கள் பொதுவாக இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்கு இயல்பாக மாறலாம்.

== இனங்காணல் ==

இரண்டுக்கும் இசைத்தாளின் தொடக்கத்தில் இடப்படும் ஷார்ப், பிளாட் குறிகள் ஒன்றே. ஆகவே அக்குறிகளை மட்டும் கொண்டு ஸ்கேலை முடிவு செய்ய இயலாது. மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். இசை எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறது என்பதையும், குறிப்பாக இறுதிக் கார்டையும் நோக்க வேண்டும். வெள்ளைக் கட்டைகளுக்கிடையே ஜி ஷார்ப் அடிக்கடி தென்பட்டால் ஏ மைனராக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆதார சுரத்தை நோக்கிய ஈர்ப்பை வலுப்படுத்தவே ஏழாம் சுரம் இவ்வாறு உயர்த்தப்படுகிறது. இவ்வடிவம் ஹார்மோனிக் மைனர் எனப்படும்.

== கருநாடக இசையில் ==

கருநாடக இசையின் கிரக பேதம் இதனை ஒத்தது. 29ஆவது மேளகர்த்தாவான தீரசங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்சமமாகக் கொண்டால் 20ஆவது மேளமான நடபைரவியின் சுரங்கள் கிடைக்கும். ஹார்மோனிக் மைனரின் சுரங்களோ 21ஆவது மேளமான கீரவாணிக்குரியவை. எனினும் கமகமும் சஞ்சாரமும் கொண்ட இராகத்தை வெறும் ஸ்கேலாகக் கருதலாகாது.