ஆங்கிலம் ஒன்று; ஒலிப்போ பல

கரியாஹாட் நாற்சந்தியில் சிறிது நேரம் நின்று செவி கொடுப்போர்க்கு, ஆங்கிலம் ஒரு மொழியாயினும் அதன் ஒலிப்பு ஒன்றன்று என்பது எளிதில் விளங்கும். 'வோட்' என்னும் சொல் வங்காளியர் பலர் வாயில் மூச்சுக் கலந்த 'போட்' ஆகிறது. நம்மவர் வாயிலோ 'எம்.ஏ.' என்பது 'யெம்.ஏ.' என்றும், 'ஒன்லி' என்பது 'வொன்லி' என்றும் வருகின்றன. இதுகண்டு ஒருவரையொருவர் நகைப்பதுண்டு. இங்குள்ள பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பெற்றோரின் ஆங்கிலத்தைத் திருத்துவதும், பெற்றோர் நாணி வாய் மூடுவதும் உண்டு. இந்த நகைப்பும் நாணமும் பொருளுடையனவா என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம்.

ஆங்கிலம் பிறந்த மண்ணிலேயே அது ஒரே வகையாக ஒலித்ததில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலர், சாக்சானியர், ஜூட்டர் ஆகிய இனத்தார் பிரித்தானியாவின் வெவ்வேறு பகுதிகளில் குடியேறித் தத்தம் பேச்சை அங்கங்கே ஊன்றினர். பின்னர் வந்த டேனியர் வடக்கிலும் கிழக்கிலும் தம் தடத்தைப் பதித்தனர். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் பெருமாற்றம் அடைந்தன. அம்மாற்றம் எல்லாப் பகுதிகளிலும் ஒன்றுபோல் பரவவில்லை. 'ஹவுஸ்' என்று தெற்கே வழங்கும் சொல் ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்தில் 'ஹூஸ்' என்றே நின்றுவிட்டது. 1791இல் ஒலிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கர், இலண்டன் மக்கள் சொல்லின் இடையில் வரும் ரகர மெய்யை நன்கு ஒலியாது விடுவதைக் குறித்துள்ளார். ஸ்காட்லாந்தினர் அதனை நாவில் நிறுத்தியே பேசினர்.

இந்நிலையில்தான் ஆங்கிலம் நம் நாட்டுப் பள்ளிகளில் புகுந்தது. கல்கத்தாவில் 1817இல் இந்து கல்லூரி தோன்றியது. 1830இல் அங்குப் பள்ளி நிறுவிய அலெக்சாந்தர் டஃப் ஸ்காட்லாந்தினர். 1837இல் சென்னையில் கிறித்தவக் கல்லூரிக்கு வித்தான பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அந்நாட்டினரே. ஆயினும் நம் முன்னோர் பெரும்பாலோர் ஆங்கிலத்தைச் செவிவழியே பெற்றதைவிட அச்சு நூல்வழியே பெற்றதே மிகுதி. எழுதியதை எழுதியவாறே ஒலிப்பது நம் மரபு. ஆதலின் இலண்டன் விட்டுவிட்ட ரகரத்தைக் 'கார்' என்னும் சொல்லில் வங்காளியரும் தமிழரும் இன்றும் விடாது ஒலிக்கின்றனர்.

வழி ஒன்றாயினும் ஒலி வேறுபட்டது ஏன்? தாய்மொழியே காரணம். வங்காளத்தில் நம் வகரத்திற்கு நேரான எழுத்தொலி இல்லை. அதனால் மூச்சுக் கலந்த பகரம் அதன் இடத்தை நிரப்புகிறது. 'ஜ' என்பதைக் கிழக்கு வங்காளத்தார் ஒருவகையாகவும் கல்கத்தாவினர் வேறொரு வகையாகவும் ஒலிப்பர். 1947இன் பிரிவினைக்குப் பின் அங்கிருந்து வந்து தென் கல்கத்தாவில் குடியமர்ந்தோரால் இவ்விரு ஒலிப்பும் ஒரே கடைத்தெருவில் கலந்தன.

தமிழிலோ சொல்முதல் எகரம் பேச்சில் யகரச் சாயலையும், ஒகரம் வகரச் சாயலையும் பெறும். உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். 'பேபர்' என்று எழுதினால் பகரம் குழைந்துவிடும் என்பதால்தான் 'பேப்பர்' என இரட்டித்தோம். தமிழுக்குள்ளும் வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணத்தார் றகரத்தின் பழைய ஒலியைக் காத்து வருதலின், நாம் 'டொராண்டோ' என்று எழுதும் கனடா நகரை அவர்கள் 'ரொறொன்ரோ' என்று எழுதுகின்றனர்.

இவ்வுண்மையை ஆராய்ந்த பேரறிஞர் ஒருவர் கரியாஹாட்டை அடுத்த இந்துஸ்தான் பார்க்கில் வாழ்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 1977இல் மறைந்த சுனீதி குமார் சட்டர்ஜி, இலண்டனில் டேனியல் ஜோன்சிடம் ஒலியியல் பயின்றார். வங்காள மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் விளக்கும் அவரது பெருநூல் 1926இல் வெளிவந்தது. பேச்சொலியைப் பிழை, செம்மை எனத் தீர்ப்புக் கூறாது, அதன் வரலாற்றைத் தேடுவதே ஆய்வு என்பதை அத்தகைய நூல்கள் நமக்கு உணர்த்துகின்றன.

நம் இலக்கணமும் இதை அறியாததன்று. ஒலிகள் பிறக்குமாற்றைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். வடசொல் தமிழில் புகுங்கால் தமிழ் எழுத்தை ஏற்றே வரவேண்டும் என்றும் விதித்தார். ரகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் உயிர் சேர்த்து 'இராமன்' எனக் கூறும் முறையைப் பவணந்தியார் நன்னூலில் அமைத்தார். வடமொழிக்கு இலக்கணமாகவே அமைந்த இயல்பு ஆங்கிலத்திற்கு மட்டும் இழுக்காவது எங்ஙனம்?

ஆயின் இதே இயல்பு நம் இல்லங்களில் வேறொரு வேலையும் செய்கிறது. வங்காளப் பேச்சில் ழகரமும் ளகரமும் இல்லை. ணகரம் எழுத்தில் இருந்தும் ஒலியில் னகரமாகவே நிற்கிறது. அவ்வொலிகளையே நாளெல்லாம் கேட்டு வளரும் நம் பிள்ளைக்குப் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிவிடுகின்றன. 'மணம்' 'மனம்' ஆகிறது. 'யெம்.ஏ.' என்பதால் பட்டம் குறைவதில்லை. 'பள்ளி' பல்லியானால் பொருளே மாறிவிடுகிறது.

இதற்காகப் பிள்ளைகளை எள்ளுதலும் முறையன்று. நம் ஆங்கிலத்தை ஆக்கிய அதே விதியே அவர்தம் தமிழையும் ஆக்குகிறது. நா செவியைப் பின்பற்றுவது. கேளாத ஒலியை அது கற்பதில்லை. எனவே, ஆங்கிலம் திருந்தவில்லையே என்று நாணி வாய் மூடும் பெற்றோர் தமிழிலேனும் வாய் திறந்து பேசுதல் வேண்டும். வீட்டில் நாள்தோறும் ழகரம் ஒலிக்குமாயின், வெளியில் எத்தனை மொழி கேட்பினும் பிள்ளையின் நாவில் அது தங்கும்.