தடைக்கட்டளையும் ஏழை வழக்காளியும்: மட்டக்களப்பு வாவிப்புறம் குறித்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப்புறத்தைப் படுவான்கரை என்றும் கிழக்குப்புறத்தை எழுவான்கரை என்றும் வழங்குவது மரபு. பரந்த வயல்கள் படுவான்கரையில். நீதிமன்றமோ வாவி சூழ்ந்த புளியந்தீவில். எனவே முற்காலத்தில் நிலவழக்காடப் புறப்பட்ட உழவன் முதலிற் கடக்க வேண்டியிருந்தது நீரையே. மண்டூர்க்காரன் குருமண்வெளிக்குத் துறை கடந்து, பின் வடக்கே நெடுந்தூரம் செல்லல் வேண்டும். கல்லடிப் பாலமும் 1924 ஆம் ஆண்டிலேயே அமைந்தது. வாவியிற் பயணிகளை ஏற்றிச் செல்லும் மிதவையை இப்பகுதியார் 'பாதை' என்பர். வேறு பாதை இல்லாதோர் இட்ட பெயர் போலும்.

தடைக்கட்டளை வழங்கும் அதிகாரத்தை 1889 ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச் சட்டமும், அதனைக் கோரும் முறையை அதே ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் வகுத்தன. அவ்வதிகாரம் இன்று 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 54 ஆம் பிரிவில் உளது. வயல்வழக்கில் இதன் பெறுமதி பெரிது. உறுதி யாருடையது என்று தீர்ப்பதற்கு ஆண்டுகள் செல்லும். விளைந்த வேளாண்மையை வெட்டிக் களத்திற் சேர்ப்பதற்குச் சில நாள்களே போதும். இதனை உணர்ந்தே, தாமதத்தாற் பயன் கெடுமெனக் கண்டவிடத்து எதிராளியைக் கேளாமலும் தற்காலிகமாகத் தடுக்கச் சட்டக்கோவை இடமளிக்கின்றது. அவ்வாறான கட்டளை முதல் முறையிற் பதினான்கு நாள்களுக்கு மேல் நில்லாதெனப் பின்னர் வரையறுக்கப்பட்டது.

ஆயின் அதே சட்டக்கோவையின் மற்றோர் அத்தியாயத்தை நோக்குக. முத்திரைக் கட்டணம் செலுத்த இயலாத வறியவர் அங்கு தம் உடைமைகளைக் காட்டி அனுமதி கோர வேண்டும். எதிராளிக்கு அறிவித்தல், வறுமை மெய்யோ என்ற விசாரணை ஆகியவற்றின் பின்னரே அவரது வழக்குப் பிறக்கும். பொருளுடையவன் மனுவோடும் சத்தியக்கடதாசியோடும் அன்றே நீதிபதிமுன் நிற்க, பொருளற்றவன் தன் ஏழ்மையை எதிராளியின் முன்னிலையிலேயே நிறுவிக் கொண்டிருப்பான். அதற்குள் வயல் வெறுங்கட்டையாகிவிடும். விரைவும் தாமதமும் ஒரே நூலில் இவ்வாறு அருகருகே அமைந்தமை விந்தையே.

சட்டத்தரணியின்றி இம்மனுவை எழுதுவது ஆபத்துமாகும். போதிய காரணமின்றித் தடைக்கட்டளை பெற்றவர் எதிராளிக்கு இழப்பீடு செலுத்த நேரலாம் என்கிறது 667 ஆம் பிரிவு. பிறக்கிராசி, அப்புக்காத்து என இருவருக்குக் கூலி கொடுத்த நிலை 1974 இல் இரு பிரிவினரும் ஒன்றானதோடு ஒழிந்தது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தாற் சட்ட உதவி ஆணைக்குழு தோன்றியது. குடியியல் வழக்கிலும் ஏழைக்குச் சட்டத்தரணியை அமர்த்தித் தரும் வாயில் அதுவே. எனினும் அங்கும் வருமானம் ஆராயப்படும்.

இனப்போர் இச்சிக்கலை மேலும் கடுமையாக்கியது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரியவருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் நிலத்திற்கு உரிமை கோரலாம். இடம்பெயர்ந்து மீண்ட பலர் தம் வயலிற் பிறரைக் கண்டனர். ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையை நாட இயலாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிடாது விட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. வழக்குரிமை இவ்வாறு மீண்டது. ஆயினும் வழக்கு முடியும்வரை அவ்வயலின் ஒவ்வொரு போகத்தையும் வெட்டப்போவது யார் என்ற வினாவிற்கு, இன்னும் மனுவும் அதனை எழுதுவாரும் தேவைப்படுகின்றனர்.