இறங்கும்போது எந்த கியர்?

இந்த எபிசோட் ஒரு கருகல் வாடையில ஆரம்பிக்குது.

எங்க ஊர் நைனார்பாளையம். கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டம். தட்டையான பூமி. பிரேக்கைத் தவிர வேற எதுவும் தெரியாமலே ஆயுசுக்கும் வண்டி ஓட்டிடலாம். நானும் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். போன லீவுக்கு ஊருக்குப் போனப்ப, சித்தப்பா பையனோட ஸ்கூட்டரை வாங்கிக்கிட்டு, தங்கச்சியைப் பின்னாடி உட்கார வெச்சு, கச்சிராயப்பாளையம் வழியா கல்வராயன் மலைமேல வெள்ளிமலைக்குப் போனேன். ஏறினது சுகமா இருந்தது. இறங்கும்போது சில வளைவுகள் தாண்டினதும் ஏதோ கருகுற வாடை. அடுத்த வளைவுல பிரேக் பிடிக்கிறேன், லீவர் கைப்பிடியைத் தொடுது, வண்டி நிக்கல. ஓரத்து மண்மேட்டுல விட்டு நிறுத்தினேன். சிராய்ப்போட போச்சு.

மாமாவுக்குப் போன் பண்ணேன். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏத்தி சேகோ ஃபேக்டரிக்கு இறக்கினவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த கியர்லடா இறங்கின?"

"ஸ்கூட்டருக்கு ஏது மாமா கியர்?"

கொஞ்ச நேரம் பேசல. "அப்ப உன்னை எது புடிச்சு இழுக்கும்?"

அந்தக் கேள்வியிலதான் இந்த எபிசோடே இருக்கு. மலையிலிருந்து இறங்குற வண்டி, தன் எடையால வேகம் எடுத்துக்கிட்டே வரும். அந்த வேகத்தைத் தின்ன ரெண்டே இடம்தான். ஒண்ணு பிரேக், இன்னொண்ணு எஞ்சின். பிரேக் தின்னா அது முழுக்கச் சூடா மாறும். டிரம் சூட்டுல விரிஞ்சு லைனிங்கை விட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும். எஞ்சின் தின்னா, ஆக்சிலேட்டரை விட்ட நிலையில சக்கரமே எஞ்சினைச் சுத்த வைக்கணும். சின்ன கியர்னா இன்னும் வேகமாச் சுத்த வைக்கணும். அந்தச் சுமைதான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் எஞ்சின்ல இந்தப் பிடி கொஞ்சம் கம்மி. அதனாலதான் லாரி, பஸ்ல புகை போற வழியை அடைச்சு எஞ்சினைத் திணற வைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வெச்சாங்க.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன ஆள் கிட்டத்தட்ட செத்துப் பிழைச்சவர். கிளெஸ்ஸி கம்மின்ஸ். ஆமா, கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியோட அதே கம்மின்ஸ்தான். 1931-ல தன்னோட டீசல் எஞ்சின் பெருமையைக் காட்ட நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு லாரியில கிளம்பினார். கலிபோர்னியாவில கேஹோன் கணவாய்ல இறங்கும்போது பிரேக் போயிடுச்சு. கீழே ரயில்வே கேட், அதுல ஒரு சரக்கு ரயில் கடந்துக்கிட்டிருக்கு. கடைசிப் பெட்டி தாண்டவும் லாரி தண்டவாளத்தைத் தாண்டவும் சரியா இருந்தது. பல வருஷம் அந்தப் பயத்தைச் சுமந்து, எஞ்சினையே பிரேக்கா மாத்துற கருவியைக் கண்டுபிடிச்சார். 1961-ல ஜேக்கப்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க டிரைவர்கள் 'ஜேக் பிரேக்'னு சொல்றது அதைத்தான்.

நம்ம பக்கம் அப்ப அந்தக் கருவியெல்லாம் கிடையாது. அந்தக் காலத்து லாரிகள்ல டபுள் கிளட்ச் போட்டாத்தான் கியர் விழும். இறக்கத்துல பாதி வழியில நியூட்ரலுக்கு வந்துட்டா, திரும்பக் கியர் விழும்னு உறுதி கிடையாது. அதனால மலை உச்சியிலயே நிறுத்தி, எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும். மாமா இதை ஒழுக்கம்னு சொல்லவே மாட்டார். "வேற வழி இல்லடா" என்பார்.

இதுலதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாம 'அந்தக் காலத்து ரோட்டு மரியாதை'ன்னு உருகுறோமே, அதுல பாதி அந்த வண்டிகளோட பலவீனம். ஏறுற லாரியை நடுவுல நிறுத்திட்டா, கிளீனர் குதிச்சு ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடணும். திரும்பக் கிளப்புறதுக்குள்ள உயிர் போயிடும். அந்தக் கஷ்டம் எதிர்ல இறங்குறவனுக்கும் தெரியும், நேத்து அவன் ஏறினவன்தானே. அதனால இறங்குறவன் ஒதுங்கி நிப்பான். 1989-ல வந்த சாலை விதிகள் இதையே சட்டமா எழுதி வெச்சது: குறுகலான மலைப்பாதையில இறங்குற வண்டி ஓரமா நின்னு, ஏறுற வண்டிக்கு வழி விடணும்.

அதே 1989-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15-வது விதி லைசென்ஸ் டெஸ்ட் பத்தினது. என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கு. இறக்கத்துல ஓட்டும்போது சட்டுனு கீழ் கியருக்கு மாறத் தெரியணும்னு அதுல இருக்கு. செங்குத்தான ஏத்தத்துல நிறுத்தி, பின்னாடி உருளாமத் திரும்பக் கிளப்பத் தெரியணும்னும் இருக்கு. நான் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினேன். அந்த மைதானத்துல ஒரு ஸ்பீடு பிரேக்கர் கூட இல்ல. நீங்க எப்படி வாங்கினீங்க?

அதுக்காக மாமா தலைமுறையைக் கோயில்ல வெச்சுக் கும்பிடவும் முடியாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல உருட்டின பழக்கம் அவங்ககிட்டயிருந்து வந்ததுதான். தர்மபுரியிலிருந்து சேலம் வர்ற வழியில தொப்பூர் கணவாய் இருக்கே, அங்க தானும் அப்படி இறங்கியிருக்கிறதா மாமாவே ஒத்துக்கிட்டார். 2024 ஜனவரியில அங்க கட்டுப்பாடு இழந்த லாரி மோதி, நடுவுல மாட்டின கார் எரிஞ்ச சிசிடிவி காட்சியை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதைப் பார்த்த ராத்திரி அவர் சாப்பிடல.

இப்ப வண்டிகள் மாறிடுச்சு. கியர் வெண்ணெய் மாதிரி விழுது, 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல விக்கிற பைக்குக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஏத்தத்துல நிறுத்தினாலும் காருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆக, இறங்குறவனுக்கு ஏறுறவனோட கஷ்டமும் தெரியல. என் ஸ்கூட்டர் கதை இன்னும் மோசம். வேகம் ரொம்பக் குறைஞ்சா அதோட கிளட்ச் தானா விட்டுடும். எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும், ஆனா சக்கரத்தோட சம்பந்தம் அறுந்துடும். பயந்து பயந்து மெதுவா உருட்டினேன் பாருங்க, அப்ப முழுப் பாரமும் பிரேக் மேலதான். ஏற்காடு, கொல்லிமலைன்னு வாடகை ஸ்கூட்டர்ல போற எத்தனை பேருக்கு இது தெரியும்? நடுநடுவுல நிறுத்தி பிரேக்கை ஆற விடுங்க.

அடுத்த வாரம் மாமா தன் பழைய பைக்ல என்னை அதே மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். இறங்கும்போது ரெண்டாவது கியர், பிரேக்கை அவர் தொட்டதே அபூர்வம். பின்னாடி ஒரு கார் விடாம ஹாரன். எதிர்ல ஒரு பஸ் முக்கிக்கிட்டு ஏறி வந்தது. மாமா ஓரங்கட்டி நின்னார். கார் எங்களைத் தாண்டிப் பாய்ஞ்சு, நேரா பஸ் முன்னாடி போய் நின்னுச்சு. ரெண்டும் நகர முடியாம நின்ன அஞ்சு நிமிஷமும் அந்தக் கார்க்காரர் ஹாரன்லேர்ந்து கையை எடுக்கல. கடைசியில பின்வாங்கினது ஏறி வந்த பஸ்தான்.

மாமா பஸ் டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவரும் தூக்கினார்.