குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் சட்ட உரிமைகள் (இந்தியா)

குற்றத்தால் உடலிலோ மனத்திலோ பொருளிலோ இழப்புக்கு ஆளானவர், புலன்விசாரணை தொடங்கி மேல்முறையீடு வரை தகவல் பெறவும், தம் தரப்பைச் சொல்லவும், இழப்பீடு கேட்கவும் சட்டம் தந்துள்ள வழிகளே பாதிக்கப்பட்டோர் உரிமைகள் எனப்படுகின்றன. இந்தியாவில் இவற்றில் பல 2009-க்குப் பிறகு வந்தவை.

அதற்கு முன் அவருக்கு இருந்த இடம் பெரும்பாலும் சாட்சிக் கூண்டுதான். குற்ற வழக்கை நடத்துவது அரசு. அடிபட்டவர் அதில் 'அ.சா.1', அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளே போய், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தால் அவர் வேலை முடிந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீனில் வந்துவிட்டார் என்பதையே தெருவில் அவரை நேருக்கு நேர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

1985 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளை அறிவித்தது. அதே ஆண்டில் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் ஒரு வழக்கை முடித்துவைக்கக் கேட்டால் புகார் கொடுத்தவரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அதை ஏற்கக் கூடாது என்றது. பாதிக்கப்பட்டோரையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கலாம் என்று 2003-இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் குழு பரிந்துரைத்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் திருத்தம் 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கே அந்தச் சட்டத்தில் விளக்கம் கிடைத்தது. எதிரி விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ அவரே மேல்முறையீடு செய்யலாம். அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை என்று மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் 2018-இல் தீர்ப்பானது. ஆனால் தண்டனைக் காலம் குறைவு என்ற காரணத்துக்காக இந்த வழியில் மேல்முறையீடு செய்ய முடியாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் சில படிகள் முன்னே போயிருக்கிறது. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமானால் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம்; அதன் நகல் இலவசம். தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது மனு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகையே தவிர, வழக்குப் பதிந்ததற்கான சான்று அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது பெரிய இழப்பு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கைத் திரும்பப் பெறுவதானால் முதலில் பாதிக்கப்பட்டவரை நீதிமன்றம் கேட்டாக வேண்டும்.

கேட்பது என்றால் உண்மையாகவே கேட்பது. 2021 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றிய வழக்கில், காணொலி வழி ஜாமீன் விசாரணையின்போது பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞரின் இணைப்பு துண்டிக்கப்பட்டது; அவர் வாதம் முழுமையாகக் கேட்கப்படாமலே உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்து, புலன்விசாரணைக் கட்டத்திலிருந்தே வழக்கின் ஒவ்வொரு படியிலும் பாதிக்கப்பட்டவருக்குப் பங்குண்டு என்றது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016-இலேயே இந்த உரிமை 15ஏ பிரிவாக வந்துவிட்டது: ஜாமீன் மனு உள்பட எல்லா நடவடிக்கைக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும்.

இத்தனை உரிமையும் கடைசியில் வழக்கறிஞரிடம் வந்து நிற்கிறது. குற்றப்பத்திரிகை நகலைப் பாதிக்கப்பட்டவருக்கும் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். ஆனால் அவருக்கு வழக்கறிஞர் இருந்தால்தான். வசதியில்லாத எதிரிக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. அது இருக்கத்தான் வேண்டும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமோ பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆள்கடத்தலுக்கு ஆளானோர், குறைந்த வருமானத்தினர் எனச் சிலரையே இலவச உதவிக்கு உரியவர்களாக எண்ணுகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்பது மட்டுமே அங்கே தகுதியாகாது. வழக்கறிஞர் வைத்தாலும் அவர் அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத்தான் இருக்கலாம்; சாட்சியைத் தாமாகக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது என்று 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் முடிவானது.

இழப்பீடு தனி வழி. எதிரி யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல் விசாரணைக்கே வராத வழக்கிலும், பாதிக்கப்பட்டவர் அடையாளம் தெரிந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு இடைக்கால உதவியும் உண்டு. அமில வீச்சுக்கு ஆளானவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் என்று லக்ஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமில வீச்சிலும் பாலியல் வன்கொடுமையிலும் முதலுதவியையும் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனையும் காசு வாங்காமல் உடனே தர வேண்டும். ஆணைக்குழுவின் அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். சட்ட உதவி கேட்க 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.