உண்டாயா, உறங்கினாயா?

மயிலாப்பூரில் பிரகாச மாதா ஆலயத்தின் பெயரால் வழங்கும் தெரு, லஸ் சர்ச் சாலை. அபிராமபுரத்திலிருந்து காலை நடையாகவே அங்குச் சென்று திரும்பிவிடலாம். 1919ஆம் ஆண்டின் கோடையில் அந்தச் சாலையிலிருந்த இல்லமொன்றில் நோயாளி ஒருவர் சில காலம் தங்கியிருந்தார். வயது 31. ஐந்தாண்டுக் காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு அப்பொழுதுதான் திரும்பியிருந்தார். இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் என்ற சிறப்பும், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் என்ற சிறப்பும் அவருடைய பெயருடன் சேர்ந்திருந்தன. உடலோ எலும்பும் தோலுமாய் இருந்தது. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் அவர் மறைந்தார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவருடைய மேதைமையைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இக்கட்டுரையில் அவரை வேறு கோணத்தில் காண விழைகிறோம். வீட்டை விட்டு, மொழியும் உணவும் வானிலையும் மாறிய நாட்டுக்குச் சென்ற ஒரு மாணவராக மட்டும் அவரைக் காண்போம். இதற்குக் காரணம் உண்டு.

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் நம் பங்குக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆசி பெற வருகின்றன. ஒருவர் ஜெர்மனிக்கு, ஒருவர் அமெரிக்காவுக்கு, ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு. பெட்டியின் எடை 23 கிலோவைத் தாண்டுமா என்று பெற்றோர் கவலைப்படுவர். நாமும் தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பிவைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்ற இளைஞர் ஒருவர், படிப்பு முடியுமுன்னே திரும்பி வந்தார். பல மாதங்களாக அவர் சரியாக உண்ணவில்லை, இரவில் உறக்கமில்லை, அறையை விட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது. அந்த மாதங்களில் வீட்டார் பேசியபோதெல்லாம் அவர் கூறிய விடை, "நன்றாக இருக்கிறேன்" என்பதே. கிறிஸ்து பிறப்பு விழாவன்று நாமும் பேசினோம். "நலமாயிருக்கிறேன் ஃபாதர்" என்றார். அந்த ஒரு சொல்லை நாமும் ஏற்றுக்கொண்டு, வாழ்த்துக் கூறி முடித்துவிட்டோம். இராமானுஜனின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படிக்க நம்மைத் தூண்டியது அந்த உரையாடலே.

அவரை அனுப்பியவர்கள் அக்கறையற்றவர்களாய் இருந்தனரா? இல்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவர், 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914இன் தொடக்கத்தில் நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் சென்னைக்கு வந்தபோது, நேரில் பேசி அவருடைய தயக்கத்தைப் போக்கினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. பயணத்துக்கும் உடைக்கும் தனியே பணம் ஒதுக்கியது. டிரினிடி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் தம் குடும்பத்துக்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார்.

1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். அவரை வழியனுப்பத் தாயும் மனைவியும் துறைமுகத்தில் இல்லை. குடுமி களைந்து, மேலைநாட்டு உடை தரித்த கோலத்தில் அவர்கள் தம்மைக் காண வேண்டாமென்று முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். உற்றாரை வருத்தக்கூடாது என்பதற்காகத் தம் நிலையை மறைக்கும் பழக்கம் கரையிலேயே தொடங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஏப்ரல் 14 அன்று இலண்டன் சேர்ந்தார். நெவில் தாமே காரில் வந்து வரவேற்றார். பின் கேம்பிரிட்ஜில் தம் இல்லத்திலேயே சில வாரங்கள் தங்கவைத்தார். அதன் பிறகே அவர் கல்லூரி விடுதிக்கு மாறினார். ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஹார்டியைச் சந்தித்துக் கணிதம் பேசினார். வெளிநாடு செல்லும் மாணவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாய்க்குமா?

குளிர்காலம் வந்தது. அந்நாளில் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற வங்காள மாணவர் மகலனோபிஸ், இராமானுஜனைக் காணச் சென்றார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் அவரே. இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாகவும் இராமானுஜன் கூறினார். போதிய கம்பளிகள் இல்லையோ என்று ஐயுற்ற மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு மூடியிருந்தது. கம்பளியை விலக்கி, அதனுள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

இந்நிகழ்ச்சியைப் படித்துப் புன்னகைப்போர் உண்டு. நமக்கோ நெஞ்சு கனக்கிறது. எண்களின் மறைபொருளை அறிந்தவர், கம்பளிகளின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கினார்!

உணவிலும் இதே நிலைதான். அவர் கடுமையான சைவ உணவினர். கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ண அவர் மனம் ஒப்பவில்லை. அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். புளியும் பிறவும் சென்னையிலிருந்து வந்தாக வேண்டும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. பொருள்கள் வருவது அரிதாயிற்று. இங்கிலாந்திலேயே காய்கறியும் பாலும் தட்டுப்பட்டன. ஆய்வில் மூழ்கிவிட்டால் நேரம் தெரியாது. முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்து, பின் இருபது மணி நேரம் உறங்கினார் என்பர்.

உணவைவிட முக்கியமான ஒன்றும் குறையத் தொடங்கியது. முதலாண்டில் வீட்டுக்கு மாதம் மூன்று, நான்கு கடிதங்கள் எழுதியவர், 1917இல் அநேகமாக எழுதுவதையே நிறுத்திவிட்டார். தாம் எழுதிய கடிதங்கள் கணவரைச் சேராமல் மாமியாரிடம் நின்றன என்று அவருடைய மனைவி ஜானகி அம்மையார் பின்னாளில் கூறினார். வீட்டில் பிணக்கு, வெளியே போர், உள்ளே தனிமை. குடும்பத்துப் பிணக்கைப் பற்றி, நாள்தோறும் அவரைச் சந்தித்த ஹார்டியே காலந்தாழ்ந்துதான் அறிந்தார்.

ஒரு சமயம் இராமானுஜன் நண்பர் சிலரை விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்துப் பரிமாறினார். விருந்தினராய் வந்த பெண்கள் மறுபடியும் பரிமாற வந்தபோது போதுமென்றனர். அவர் சட்டென்று வெளியேறினார், திரும்பவே இல்லை. சில நாள்களுக்குப் பின், பணம் அனுப்புமாறு ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. தாம் ஆக்கிய உணவை அவர்கள் ஏற்க மறுத்ததாக எண்ணி மனம் புண்பட்டுவிட்டாராம். தனிமையில் வாடும் உள்ளத்துக்குச் சிறு சொல்லும் பெருங்காயமாகிவிடுகிறது.

1917ஆம் ஆண்டின் வசந்தத்தில் அவர் நோயில் வீழ்ந்தார். மருத்துவமனைகள், காசநோய் நிலையங்கள் என்று இடம் மாறி மாறிச் சென்றார். 1918இன் தொடக்கத்தில், மனம் முற்றும் சோர்ந்த நிலையில், இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முற்பட்டார். பணியாளர் ஒருவரின் விழிப்பால் காப்பாற்றப்பட்டார். ஹார்டி முன்நின்று அவரைக் காவல்துறையிடமிருந்து மீட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. அக்டோபரில் டிரினிடியும் ஏற்றது. வெளியே புகழ் உச்சியைத் தொட்ட அதே ஆண்டில் உள்ளே அவர் தவித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் மதிப்பெண்ணை மட்டும் கண்டு மகிழும் நாம் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும்.

1918 சூனில் இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர், மேட்லாக் என்ற ஊரிலிருந்த நிலையத்துக்குச் சென்று, மூன்று நாள் அவருடன் இருந்தார். என்ன உண்கிறார், ஏன் உண்ண முடியவில்லை என்பதையெல்லாம் விசாரித்து, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். கம்பளியைக் காண உள்ளே சென்ற மகலனோபிசும், உணவைப் பற்றி விசாரித்த இராமலிங்கமும் செய்தது ஒன்றே: "நலமா?" என்பதோடு நில்லாமல், அடுத்த வினாவையும் கேட்டனர்.

அவருக்கு வந்த நோய் யாது? அந்நாளில் காசநோய் என்றே பெரும்பாலும் கருதினர். 1994இல் யங் என்னும் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். 1906இல் சென்னையில் இராமானுஜனைத் தாக்கிய சீதபேதியே அதன் வேர் என்பது அவர் கருத்து. சரியாக இனங்காணப்பட்டிருந்தால் அக்காலத்திலேயே அதற்குச் சிகிச்சை இருந்தது. ஒருவர் தம் பழைய நோய்களை மருத்துவரிடம் விளங்கச் சொல்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹார்டியை நாம் குறைகூற முன்வரவில்லை. நோயுற்ற காலத்தில் அவர் ஓர் உடன்பிறப்பைப்போல் அலைந்தார். எனினும் 1936இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் அவர் ஒன்றை ஒப்புக்கொண்டார். அன்றாடம் பேசிய இராமானுஜனிடம், அவர் இளமையில் எந்தெந்த நூல்களைக் கண்டிருந்தார் என்பதைக்கூடத் தாம் கேட்டு அறியவில்லை. அவர் நாள்தோறும் புதிய தேற்றங்களைக் கொண்டுவந்தபோது, மற்றவற்றைக் கேட்கத் தோன்றவில்லை என்றார். நூல்களையே கேளாதவருக்குக் கம்பளியைப் பற்றிக் கேட்க எவ்வாறு தோன்றும்? திறமை கண்ணைக் கூசச் செய்யும்போது, அதன் பின்னால் நிற்கும் மனிதன் மறைந்துபோகிறான்.

காலம் மாறிவிட்டது. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் படிக்கச் செல்லும் இந்திய மாணவர், காசநோய் இல்லை என்ற சான்றிதழை முன்னதாகவே பெற வேண்டும். விசாவுடன் செலுத்தும் மருத்துவக் கட்டணத்தால் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம். ஆனால் சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள்வது நலம். நோய் வந்தபின் தேடுவது கடினம். ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு இன்றிப் பல்கலைக்கழகத்தில் சேரவே இயலாது. அமெரிக்காவிலோ காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது என்று படித்தறியாவிடில், ஓர் இரவு மருத்துவமனையில் தங்கினாலே குடும்பம் கடனில் ஆழும். ஆபத்துக்கால எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே அறிந்திருக்கட்டும்: அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, ஆஸ்திரேலியாவில் 000. மனம் தளரும்போது பேச அமெரிக்காவில் 988 என்ற எண் உண்டு. அநேகப் பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசகர்களும் உள்ளனர். அவர்களிடம் செல்வது இழுக்கன்று. இங்கே கலங்கி நிற்கும் பெற்றோருக்கும், 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றும் 'ஸ்நேகா' செவிசாய்க்கும்.

கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலமும் போயிற்று. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். ஆயினும், "நன்றாக இருக்கிறேன்" என்ற சொல்லின் பின்னே ஒளிந்துகொள்வது இன்றும் எளிதுதான். வீட்டை அடகு வைத்துக் கல்விக்கடன் வாங்கிய தந்தையிடம், "என்னால் முடியவில்லை" என்று மகன் எப்படிச் சொல்வான்? ஆகவே அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமையைப் புறப்படும் முன்னரே அவனுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியவர்கள் நாமே.

தோபித்து நூலை நினைவுகூர்வோம். மகன் தோபியாவைத் தொலைநாட்டுக்கு அனுப்பும் முன், நம்பத்தக்க ஒரு துணையைத் தேடுமாறு முதியவர் தோபித்து பணிக்கிறார். வந்தவரின் குலமும் குடும்பமும் இன்னதென விசாரித்தே ஒப்புக்கொள்கிறார். மகன் திரும்பும் நாள் கடந்தபோது, தாய் அன்னா நாள்தோறும் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறார். வானதூதர் இரபேலே உடன் சென்ற பயணத்திலும், பெற்றோரின் விசாரிப்பும் காத்திருப்பும் தேவையற்றுப் போகவில்லை.

நோயுற்றுத் திரும்பிய இராமானுஜனை ஓராண்டுக் காலம் அருகிலிருந்து பேணியவர் ஜானகி அம்மையார். நீ அன்று என்னுடன் வந்திருந்தால் நான் நோயுற்றிருக்க மாட்டேன் என்று கணவர் கூறியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994இல் அவர் மறைந்தார்.

நாம் முன்னர்க் கூறிய இளைஞர் இன்று நலமுடன் இங்கேயே பணிபுரிகிறார். "நான் நலம் என்றபோது நீங்கள் என்ன கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாய்?" என்று அவரிடம் ஒருநாள் கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்து, "இன்று காலை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால், ஃபாதர், அழுதிருப்பேன்" என்றார்.

இவ்வாண்டு ஆசி பெற வரும் பிள்ளைகளுக்காக நாம் வழக்கம்போல் செபிப்போம். அவர்கள் சென்றபின், ஒவ்வொரு வாரமும் அந்த வினாவையும் கேட்போம். நீங்களும் கேளுங்கள்.